பெட்டி இல்லாமல் போன மருந்து

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்து, சட்டைக் குவியலுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போனால் சூப்பர்வைசர் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனார் என்று புரிந்துகொள். வீட்டில் எழுத முடியாது. போனிலும் பேச முடியாது. போன் கீழே சலூனில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அதை எடுப்பவர் உன் மாமா. உன் வீட்டு விருந்துக்குப் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: "உன் தம்பி பேரு இந்த வீட்டுல யார் வாயிலயும் வரக்கூடாது." வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். ஆக, சட்டம் எனக்கு மட்டும்.

அன்று உன் மருந்துக்கடை முதலாளிக்கு முன்னால் உன்னை "பொட்டலம் மடிக்கிற அரை டாக்டர்" என்று அவர் சொன்னது தப்புதான். வாய்க்கொழுப்பு. நாள் முழுக்கச் சலூனில் ஊர்வம்பு பேசிப் பேசி, எங்கே நிறுத்த வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் நீ என்ன சொன்னாய்? "இனிமே உங்க கால் என் வாசல்ல படக்கூடாது." சாப்பிட்ட கைகூடக் காயவில்லையடா. நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தே நின்றேன். யார் முகத்தையும் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சரி, சண்டையைக் கிளறுவதற்காக எழுதவில்லை. காரியம் இதுதான். மாமாவுக்கு வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கால் ஆணி. நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நின்றே வேலை செய்கிற கால் அல்லவா, வந்திருக்கிறது. அதை இவர் என்ன செய்கிறார் தெரியுமா? கடைக்கு லீவு விடுகிற நாளில் வாசலில் உட்கார்ந்து, சவரக்கத்தியாலேயே சீவி எடுக்கிறார். "மத்தவன் கழுத்தையே கீறாம மழிக்கிறேன், என் காலை எனக்குச் சீவத் தெரியாதா?" என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "கால் ஆணிக்கு டாக்டரா? கேட்டா சிரிப்பாங்கடி" என்கிறார். சீவச் சீவ அது இன்னும் கெட்டியாகத்தான் வளருகிறது.

உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்கென்றே தனி டாக்டர் உட்காருகிறாராமே, எங்கள் கம்பெனியில் ஒரு பெண் சொன்னாள். எப்படியாவது இவரைக் கிளப்பிக்கொண்டு வந்தால் உன் வீட்டில் இரண்டு நாள் தங்கலாமா? நீ "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தில் வேண்டாம், நேரில் சொல்கிறேன்.

பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடு.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

உன் கடிதம் வந்தது. நீ எழுதினாய் என்பதற்காகத்தான் பதில் போடுகிறேன். மாமாவின் கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இல்லை. கோபித்துக்கொள்ளாதே, மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. முதலாளி வாயிலிருந்து அது கடைப்பையன்கள் வாய்க்குப் போய், இப்போது வாடிக்கையாளர்களும் "அரை டாக்டர் இருக்காரா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கவுண்டரில் நின்று என் தலைமுடி கொட்டியிருக்கிறது. எந்த மாத்திரை எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். எனக்குக் கிடைத்த பட்டம் இது.

நீங்கள் வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது முடியாது அக்கா. வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது. சாமான்களையெல்லாம் நடுக்கூடத்தில் குவித்து வைத்திருக்கிறோம், கால் வைக்க இடமில்லை. அந்த வாடை வேறு. எப்போது முடியும் என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பதிலாக மருந்து அனுப்பியிருக்கிறேன். கார்ன் கேப் என்று பெயர். வட்டமாக, நடுவில் மருந்து வைத்து, ஒட்டுகிற மாதிரி இருக்கும். காலை வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, ஆணியின் மேல் ஒட்ட வேண்டும். சில நாளில் தோல் வெளுத்து, ஆணி தானே உரிந்து வரும். கத்தி வேண்டவே வேண்டாம். பெட்டியோடு அனுப்பினால் பார்சல் மாதிரி தடியாகத் தெரியும், உன் சூப்பர்வைசர் பிரித்துப் பார்ப்பார். அதனால் பெட்டியை எடுத்துவிட்டு, சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்துக் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

நான் அனுப்பியது என்று சொல்லாதே. கம்பெனியில் யாரோ கொடுத்தார்கள் என்று சொல். என் பெயர் அவர் காதில் விழ வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள அரை டாக்டருக்கு,

கோபித்துக்கொள்ளாதே, நான் சொன்னால் செல்லம். உன் மருந்து வேலை செய்துவிட்டது!

முதலில் முறுக்கிக்கொண்டார். பொட்டலத்தைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "யாரு குடுத்தா?" என்றார். பட்டன் தைக்கிற பெண் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கேட்காமலேயே காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. நான் சொல்லி இந்த மனுஷன் எதையாவது கேட்டிருக்கிறாரா?

தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து வந்தது. ஆணி இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. குழியின் ஓரம் சிவந்திருக்கிறது. செருப்பில் ஈரக்கறை மாதிரி படிகிறது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "துளிகூட வலிக்கல. முன்னாடிதான் வலிச்சது" என்கிறார். நல்லது, மீதி இருக்கும் வேரும் போகட்டும் என்று அதன் மேலேயே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

வலியே இல்லை என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன் கேள். எங்கள் கம்பெனியில் சட்டையை மடித்துக் குத்துகிற குண்டூசி ஒன்று என் பையிலிருந்து எப்படியோ அவர் செருப்புக்குள் விழுந்துவிட்டது. காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் வரை அதன் மேலேயே நின்று முடி வெட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், ஊசி உள்ளங்காலோடு வருகிறது! இவருக்கு எதுவுமே தெரியவில்லை. பிடுங்கி என் கையில் கொடுத்து, "இந்தா, உன் கம்பெனி சொத்து" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வெகுநாள் கழித்துச் சிரித்தேன் தம்பி. அதற்கும் உனக்குத்தான் நன்றி.

பெயிண்ட் என்ன நிறம்? எழுது.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதத்தில் குண்டூசி வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. மறைக்காமல் பதில் சொல். மாமாவுக்குச் சுகர் இருக்கிறதா?

ஊசி குத்தினது ஒருவருக்குத் தெரியவில்லை என்றால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. காலில் உணர்ச்சி போயிருக்கிறது என்று அர்த்தம். சுகர் நாள்பட்டால்தான் பெரும்பாலும் இப்படிப் போகும். வலி போனது மருந்தால் இல்லை அக்கா, வலி தெரியாமல் போயிருக்கிறது. அந்தக் கார்ன் கேப்பில் இருப்பது ஒருவித அமிலம். ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. நமக்கு எரிந்தால் உடனே பிய்த்துப் போட்டுவிடுவோம். அவருக்கு எரியவே எரியாது. அது பாட்டுக்கு உள்ளே தின்றுகொண்டே போகும்.

இதைப் படித்த உடனே, கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. ஒட்டியிருப்பதை எடு. சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வெள்ளைத் துணியால் மூடு. கத்தியை அவர் கையில் கொடுக்காதே. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. சுகர் இருக்கிறவர் காலில் புண் என்றால், சின்னது பெரியது என்று பார்க்கவே கூடாது. நீ எழுதியிருக்கிற ஈரமும் சிவப்பும் ஒன்றே போதும். நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காதே.

சலூனுக்குப் போன் பண்ணினேன். மாமாதான் எடுத்தார். "மாமா, நான்தான்" என்றேன். ரேடியோ பாடுவது கேட்டது. அப்புறம், "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். இரண்டாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. உன் கம்பெனிக்குப் போட்டால், வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டோம் என்கிறார்கள். விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னேன். சரி என்றார்கள். சொன்னார்களா?

நான் கிளம்பி வரத் தயார். ஆனால் மாமா வாசலிலேயே நிறுத்தி நாலு பேர் முன்னால் ஏதாவது சொன்னால், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. நீ ஒரு வரி எழுது. உடனே வருகிறேன்.

தம்பி


மார்ச் 3

தம்பி,

உன் கடிதம் கம்பெனிக்கு வந்தபோது நான் கம்பெனியில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். பட்டன் தைக்கிற பெண் இன்றைக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நீ போன் பண்ணினதை அங்கே யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆமாம். சுகர் இருக்கிறது. நாலைந்து வருஷமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்பாய். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். "சுகர்காரனுக்குக் கை நடுங்கும்னு ஒருத்தன் கிளப்பிவிட்டாப் போதும். அப்புறம் எவன் வந்து என் கத்திக்குக் கழுத்தைக் காட்டுவான்?" என்றார். மாத்திரையைக்கூடப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துத்தான் முழுங்குவார். அதுவும் ஞாபகம் வந்தால். நேரில் சொல்கிறேன் என்று உனக்கு முதலில் எழுதினேனே, இதைத்தான். உன் வீட்டுக்கு வந்து, டாக்டருக்கு முன்னால் உன்னை வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

நீ கேட்டிருக்கலாமே தம்பி. கவுண்டரில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்கிற வாய்தானே உனக்கு. சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும். நானும்தான் சொல்லவில்லை. சத்தியம் பெரிதா, கால் பெரிதா என்று யோசிக்கத் தெரியாத மக்கு நான். சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். வீட்டில் இருக்கிற மனுஷன் காலில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சலூனில் ஒரு தபால்காரருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதியில் கத்தியை வைத்துவிட்டு, குளிருகிறது என்று உட்கார்ந்துவிட்டார். உடம்பு கொதித்திருக்கிறது. நாற்காலியில் இருந்த அந்தத் தபால்காரர்தான் இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரி வாசலில் தபால்காரர் ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் சோப்பு நுரையோடு நிற்கிறார். கழுத்தில் சலூன் துண்டு. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

விரல் கறுத்துவிட்டது தம்பி. பக்கத்து விரலுக்கும் பரவுகிறது. "பாதத்தையாவது காப்பாத்த முடியுதான்னு பாக்கறோம்" என்கிறார் டாக்டர். அந்த "ஆவது" என்கிற வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நிற்கிற வேலை இவருக்கு. பாதம் போனால் எதில் நிற்பார்?

இன்னொரு பாவமும் பண்ணிவிட்டேன். "இதுல என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமே போடவில்லை, கத்தியால் சீவினார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். மருந்து என்றால் எந்தக் கடை, யார் கொடுத்தது என்று கேட்பார்களே, உன் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமே என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. படுத்திருந்த மாமா என் முகத்தையே பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

அக்கா


மார்ச் 5
ஆஸ்பத்திரி, மாடி வராந்தா

அக்கா,

நீ எனக்குப் பத்தடி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாய். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. செருப்பு ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று ஒரு பக்கம். எழுப்ப மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதுகூடப் பொய். எழுப்பினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் கடிதம் கைக்கு வந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வந்ததும் டாக்டரைப் பார்த்தேன். கார்ன் கேப் என்று சொன்னேன், நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன், சுகர் இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பினேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வெறும் கத்தி வெட்டுன்னு நினைச்சு மேலோடதான் சுத்தம் பண்ணினோம். அமிலம்னா உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாக்கணும்" என்றார். உடனே ஆளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இப்போது மாமாவை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள். நீ சொல்லாமல் விட்டது என்னைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும். இனிமேல் என்னைக் காப்பாற்றாதே அக்கா. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் வேலை எதுவும் நடக்கவில்லை. வீடு சும்மாதான் கிடந்தது. முன் அறையில் கட்டில்கூடப் போட்டபடி இருந்தது. மாமா வந்து என் வீட்டுக் கட்டிலில் படுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் மருந்தை அனுப்பி உங்களை அங்கேயே நிறுத்தினேன். நீங்கள் அன்றைக்கு வந்திருந்தால், கால் டாக்டர் முதல் கேள்வியாகவே சுகரைத்தான் கேட்டிருப்பார்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும், சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தக் கூடாது என்று. அந்தப் பெட்டியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டதும் இந்தக் கைதான். அறிமுகமே இல்லாதவனுக்குக்கூட இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் அதைக் கொடுத்ததில்லை. அன்று கேட்கவில்லை. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரித்துவிடக் கூடாது என்று அவ்வளவு வீம்பு. நீ கேட்டிருக்கலாமே என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

கதவிடுக்கில் மாமாவைப் பார்த்தேன். முகம் சுவர்ப்பக்கம். போர்வைக்கு வெளியே அந்தக் கால் கட்டோடு நீட்டிக்கொண்டிருந்தது. உங்க கால் என் வாசல்ல படக்கூடாது என்று நான் சொன்ன அதே கால். உள்ளே போக அடி எடுத்து வைத்தேன், முடியவில்லை. அரை டாக்டர்கூட இல்லை, நான் முழுக் கோழை.

இதை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். எதிர்ப்புறம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். ஆபரேஷன் முடிந்தது என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். தேடி வராதே.

தம்பி


மார்ச் 29

தம்பி,

தேடி வரவில்லை. ஆனால் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம்வரை டீக்கடை பெஞ்சில் குனிந்தே உட்கார்ந்திருந்தாய். உனக்குக் கை காட்டலாமா என்று நினைத்தேன். கோபம் விடவில்லை. பொய் சொல்வானேன், இன்னும் முழுசாக விடவில்லை. பெயிண்ட் என்ன நிறம் என்று வேறு கேட்டு எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. பாதம் தப்பியது. "அந்தத் தம்பி வந்து சொல்லலைன்னா பாதமும் போயிருக்கும்" என்று டாக்டரே சொன்னார். உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. நடந்தது அதுதான், எழுதுகிறேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கட்டு மாற்றும்போது ஆரம்பித்தேன். "அந்த மருந்து பட்டன் தைக்கிற பொண்ணு குடுத்தது இல்லைங்க" என்றேன். "தெரியும்" என்றார். சுற்றிக்கொண்டிருந்த கட்டுத்துணியை அப்படியே நிறுத்தினேன். "பொட்டலத்தைப் பார்த்த அன்னிக்கே தெரியும். பசை இல்லாம, நூல் இல்லாம, ஓரத்தை உள்ள சொருகி அப்படி மடிக்கிறதுக்கு அவன் ஒருத்தனாலதான் முடியும். அந்த மடிப்பைப் பார்த்துத்தானே அவனைக் கிண்டலே பண்ணினேன்" என்றார்.

பிறகு ஏன் ஒட்டிக்கொண்டார் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேசக்கூடாத பேச்சு பேசிட்டேன். வாய்விட்டு மன்னிப்புக் கேக்க எனக்கு வரல. பையன் அதையும் மறந்து மருந்து அனுப்பியிருக்கானே, ஒட்டிக் குணமாச்சுன்னா அவனுக்குப் போன் போட்டு, 'டேய், நீ முழு டாக்டர்தான்'னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்காகத்தான் சீக்கிரம் ஆகட்டும்னு ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டினேன்."

நீ போன் பண்ணினபோது ராங் நம்பர் என்று வைத்ததும் அதனால்தானாம். இன்னும் குணமாகவில்லையே, இப்போது என்ன பேசுவது என்று. ஆஸ்பத்திரியில் நான் டாக்டரிடம் பொய் சொன்னபோது இவரும் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். "அவன் பொழப்புக்கு ஒண்ணும் வந்துடக்கூடாதுன்னுதான்" என்றார். அவர் காலைப் பணயம் வைத்து நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் காப்பாற்றியிருக்கிறோம். அன்றைக்கு நான் அழுத அழுகைக்கு யார் காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் கேள். அந்தத் தபால்காரர் வீட்டுக்கு வந்தார். தாடி இரண்டு கன்னத்திலும் வளர்ந்துவிட்டிருந்தது. "மீதியை நீங்கதான் முடிக்கணும், வேற கடைக்குப் போக மாட்டேன்" என்று சொல்லி, மாமா படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமா தயங்கித் தயங்கி, "எனக்குச் சுகர் இருக்குங்க" என்றார். அவர் கழுத்தை நீட்டிக்கொண்டே, "எனக்கும்தான் இருக்கு. யாருக்கு இல்ல? நல்லா இழுத்து மழிங்க" என்றார். இந்த ஒன்றை மறைக்கத்தானே தம்பி இத்தனையும். மாமா மழித்து முடித்தார். கை துளிகூட நடுங்கவில்லை. அவர் போன பிறகுதான் நடுங்கியது.

இனிமேல் தினமும் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டுமாம். சலூன் கைக்கண்ணாடி அதற்கென்றே வீட்டுக்கு வந்துவிட்டது. செருப்பை உதறாமல் போடுவதில்லை. கத்தி கடையில்தான், காலுக்குக் கிடையாது. உங்கள் ஊர்க் கால் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புண் ஆறினதும் கிளம்ப வேண்டும்.

மாமா உன்னிடம் இரண்டு விஷயம் சொல்லச் சொன்னார். ஒன்று, அடுத்த தடவை எது அனுப்பினாலும் பெட்டியோடு அனுப்ப வேண்டுமாம். இரண்டாவது, "என் கால் வாசல்ல படக்கூடாதுன்னானே, ரெண்டு விரலைக் கழிச்சிட்டேன். மீதியையாவது விடுவானான்னு கேளு" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். விடுவாயா?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். முதலாளி தேடிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

என் மருந்தை மாமா ஒட்டிக்கொண்டது என்னை நம்பித்தான் என்கிறாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. மடிப்பைப் பார்த்தே என்னைத் தெரிந்துகொண்டவரிடம் என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. இதை மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட முடியுமா என்று தெரியவில்லை. கேட்கத்தான் போகிறேன். கடிதத்தில் இல்லை, நேரில்.

இங்கே இப்போது கால் ஆணிக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் காலைக் காட்டச் சொல்கிறேன். கடையில் வைத்தே செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். சுகர் என்று சொன்னால் மருந்து கொடுப்பதில்லை, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறேன். முணுமுணுக்கிறார்கள். அரை டாக்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். சொல்லட்டும்.

கால் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டேன். தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கே வண்டியோடு வந்துவிடுவேன், மாமா நடக்க வேண்டாம். முன் அறைக் கட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டு நாள் இல்லை, முழுசாகத் தேறும்வரை இருங்கள்.

ஒரு விஷயம். எங்கள் வாசலில் இரண்டு படி உண்டல்லவா, அதற்கு மேல் கதவடியில் குறுக்கே நிலைக்கட்டை வேறு. உணர்ச்சி இல்லாத காலுக்கு அதில் தடுக்கும் என்று கொத்தனாரையும் தச்சரையும் கூப்பிட்டேன். இரண்டு படியையும் இடித்துச் சாய்வாகச் சிமெண்ட் போட்டாகிவிட்டது. நிலைக்கட்டையை அறுத்து எடுத்துவிட்டோம். வீடு முழுக்கத் தூசி, சாமான்களெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்து கிடக்கின்றன. கதவுக்கு நாளைக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அன்று நான் பொய்யாக எழுதினது இன்று நிஜமாகவே நடக்கிறது.

வாசலில் இனிமேல் படி இல்லை என்று மாமாவிடம் சொல்.

தம்பி